ஒருவருக்கு நடந்ததை வைத்து என்ன சொல்ல முடியும்? நோயாளி அறிக்கைகள் பற்றி ஓர் அறிமுகம்

"எங்கள் மாமாவுக்கு மஞ்சள் காமாலை வந்தபோது கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுத்தோம். இரண்டே வாரத்தில் கண்ணிலிருந்த மஞ்சள் இறங்கிவிட்டது." இந்தப் பேச்சைக் கேட்காத தமிழ்க் குடும்பம் அபூர்வம். சொல்பவர் பொய் சொல்லவில்லை. மாமாவுக்குக் காமாலை வந்தது உண்மை, மருந்து குடித்தது உண்மை, குணமானதும் உண்மை. ஆனாலும் இதைக் கேட்ட மருத்துவர் தம்மிடம் வரும் எல்லோருக்கும் கீழாநெல்லியை எழுதிக் கொடுக்கத் தொடங்குவதில்லை.

இன்னொரு கதை. 1822 ஜூன் 6 அன்று, வட அமெரிக்காவின் மக்கினா தீவில் தோல் வணிகக் கடை ஒன்றில் தவறுதலாகத் துப்பாக்கி வெடித்து, அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற இளைஞரின் வயிற்றில் ஓட்டை விழுந்தது. அந்த ஒரே மனிதரைக் கவனித்து எழுதிய புத்தகம், இரைப்பை உணவை எப்படிச் செரிக்கிறது என்பதை உலகத்துக்குக் கற்றுக்கொடுத்தது.

இரண்டிலும் ஆள் ஒருவர்தான். ஒன்று மருத்துவ அறிவாயிற்று, மற்றது வீட்டுப் பேச்சாகவே நின்றுவிட்டது. இந்த வேறுபாடு பிடிபட்டுவிட்டால், மருத்துவ இதழ்களில் வரும் நோயாளி அறிக்கைகளை எப்படிப் படிப்பது என்பதும் பிடிபட்டுவிடும்.

முதலில் பெயர். ஒரு நோயாளிக்கு என்ன தொந்தரவு வந்தது, எந்தச் சோதனைகளால் நோய் கண்டுபிடிக்கப்பட்டது, என்ன சிகிச்சை கொடுத்தார்கள், கடைசியில் என்ன ஆயிற்று என்பதையெல்லாம் மருத்துவர் மற்ற மருத்துவர்களுக்காக எழுதி வெளியிடுவதே நோயாளி அறிக்கை. ஆஸ்பத்திரிகளில் 'கேஸ் ரிப்போர்ட்' என்பார்கள். கட்டிலோரம் தொங்கும் கேஸ் ஷீட் அந்த நோயாளியின் சிகிச்சைக்காக எழுதப்படுவது. அறிக்கையோ, அவரை ஒருபோதும் பார்க்கப்போகாத மருத்துவர்களுக்காக எழுதப்படுவது. ஒரே மாதிரியான பல நோயாளிகளைச் சேர்த்து எழுதினால் அது தொகுப்பு அறிக்கை. பொது மருத்துவம், நரம்பியல், இரைப்பை அறுவைச் சிகிச்சை ஆகிய மூன்று துறைகளிலும் பெரிய திருப்பங்கள் பல இப்படித்தான் தொடங்கின.

இது புதிய பழக்கமும் அல்ல. எகிப்தில் கிடைத்த எட்வின் ஸ்மித் பாப்பிரஸ் என்ற பழஞ்சுவடி ஏறக்குறைய 3,600 ஆண்டுகள் பழையது. அதில் 48 நோயாளி விவரங்கள் இருக்கின்றன. பெரும்பாலும் காயங்கள், தலையில் தொடங்கிக் கீழே இறங்கும் வரிசையில். எது குணப்படுத்தக் கூடியது, எது போராடிப் பார்க்க வேண்டியது, எதற்குச் சிகிச்சை இல்லை என்ற தீர்ப்பையும் எழுதியிருக்கிறார்கள்.

இரைப்பைக்கு ஒரு சன்னல்

செயின்ட் மார்ட்டினுக்குச் சிகிச்சை அளித்தவர் வில்லியம் போமான்ட், அமெரிக்க ராணுவ மருத்துவர். இவர் பிழைக்கமாட்டார் என்றே அவர் முதலில் நினைத்தார். காயத்தின் வழியே காலையில் சாப்பிட்டது வெளியே வந்துகொண்டிருந்தது. ஆனால் பிழைத்தார். புண் ஆறியது, ஓட்டை மட்டும் மூடவில்லை. இரைப்பையின் சுவர் வயிற்றுச் சுவரோடு ஒட்டி, வெளியிலிருந்து உள்ளே பார்க்கும்படி ஒரு வழி நிலைத்துவிட்டது.

அந்தக் காலத்தில் செரிமானம் பற்றி ஆளுக்கொரு கருத்து இருந்தது. இரைப்பை உணவை அரைக்கிறது என்றார்கள் சிலர், அது உள்ளே புளித்துக் கரைகிறது என்றார்கள் வேறு சிலர். 1825 ஆகஸ்ட் 1 நண்பகலில் போமான்ட் பட்டு நூலில் மாட்டிறைச்சி, பன்றிக் கொழுப்பு, பழைய ரொட்டி, பச்சை முட்டைக்கோஸ் எனத் துண்டு துண்டாகக் கட்டி ஓட்டை வழியே உள்ளே இறக்கினார். ஒரு மணி நேரம் கழித்து இழுத்துப் பார்த்தபோது முட்டைக்கோஸும் ரொட்டியும் பாதி கரைந்திருந்தன. இறைச்சி அப்படியே இருந்தது. இன்னும் ஒரு மணி நேரத்தில் வேகவைத்த இறைச்சியும் நூலிலிருந்து காணாமல் போயிருந்தது.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது அவர் அடுத்துச் செய்தது. இரைப்பை நீரை வெளியே எடுத்துக் கண்ணாடிக் குப்பியில் ஊற்றி, உடம்பின் சூட்டில் வைத்து, அதில் இறைச்சித் துண்டைப் போட்டார். அங்கும் கரைந்தது, சற்று மெதுவாக. குப்பிக்குள் அரைக்கும் தசை இல்லை. ஆகவே வேலை செய்வது அந்த நீர்தான். இப்படி இருநூறுக்கும் மேற்பட்ட சோதனைகளைச் செய்து 1833இல் புத்தகமாக வெளியிட்டார். அந்த நீரில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது, கோபம் வந்தால் செரிமானம் கெடுகிறது என்பதெல்லாம் அதில் இருக்கின்றன.

ஆள் ஒருவர், ஆனால் பார்த்தது ஒருமுறை அல்ல. உள்ளே வைத்ததையும் குப்பியில் வைத்ததையும் ஒப்பிட்டார். நேரத்தைக் குறித்தார். உணவை மாற்றி மாற்றிப் பார்த்தார். தவிர, இரைப்பை நீர் இறைச்சியைக் கரைக்குமா என்ற கேள்விக்கு ஆளுக்கு ஆள் பெரிதாக மாறாத விடை இருக்கிறது. உடல் எப்படி இயங்குகிறது என்பதைத் தெரிந்துகொள்ள ஓர் உடலை ஆழமாகப் பார்த்தாலே வெகுதூரம் போகலாம். மருந்து எத்தனை பேருக்குப் பலிக்கும் என்பது வேறு வகைக் கேள்வி. அதற்கு ஓர் உடல் போதாது.

அது இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும்?

இனி மாமாவிடம் வருவோம். மஞ்சள் காமாலை என்பது ஒரு நோயின் பெயர் அல்ல. பிலிருபின் என்ற மஞ்சள் பொருள் இரத்தத்தில் கூடிப்போனதன் வெளி அடையாளம். ஏ வகைக் கல்லீரல் அழற்சியிலும் அது வரும், பி வகையிலும் வரும். எலிக்காய்ச்சலில் வரும், குடியால் கெட்ட கல்லீரலிலும் வரும். பித்தக் குழாயைக் கல் அடைத்தாலும் கணையப் புற்று அழுத்தினாலும் வரும். மாமாவுக்கு வந்தது இவற்றில் எது? வீட்டுப் பேச்சில் இந்தக் கேள்வியே எழுவதில்லை. நோயாளி அறிக்கையோ இதில்தான் தொடங்கும்: என்ன நோய், எந்தச் சோதனையால் உறுதியாயிற்று, வேறு எவையெல்லாம் இருக்கலாம் என்று யோசித்து எதனால் தள்ளினார்கள்.

ஏ வகை என்றே வைத்துக்கொள்வோம். மாசுபட்ட தண்ணீராலும் உணவாலும் பரவும் அந்த நோய் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே குணமாகிவிடும். கீழாநெல்லி குடித்தவருக்கும் இறங்கும், குடிக்காதவருக்கும் இறங்கும். அப்படியிருக்க, மாமா குணமானது கீழாநெல்லியின் வேலையா, காலத்தின் வேலையா என்று அந்த ஒரு நிகழ்வை வைத்துப் பிரிக்க வழியே இல்லை. அடைப்பினால் வந்த காமாலையாக இருந்திருந்தால், கீழாநெல்லிக்காகக் காத்திருந்த நாட்கள் ஆபத்தான நாட்கள்.

ஆகவே எந்த நோயாளி அறிக்கையைப் படித்தாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: அது இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும்? அந்த மருந்து, அந்த அறுவை, அந்தக் கிருமி இல்லாமல் இருந்தால், சாதாரணமாக இத்தகைய ஒருவருக்கு என்ன நடக்கும்? இதற்குத் தெளிவான விடை இருக்குமானால் ஒரே நோயாளியும் கனமான சாட்சி. இல்லையென்றால் நூறு மாமாக்கள் சொன்னாலும் அதற்கு எடை இல்லை.

கேள்வியைத் திருப்பிப் போட்டுப் பார்க்க 1981 நல்ல எடுத்துக்காட்டு. அந்த ஆண்டு ஜூன் 5 அன்று, அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வார அறிக்கையில் ஒரு சிறிய குறிப்பு வந்தது. லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் மூன்று ஆஸ்பத்திரிகளில் ஐந்து இளைஞர்களுக்கு நியூமோசிஸ்டிஸ் நிமோனியா. அவர்களில் இருவர் இறந்துவிட்டனர். ஐந்து பேர் என்பது ஓர் எண்ணிக்கையா என்று தோன்றலாம். ஆனால் அந்த நிமோனியா, உடலின் எதிர்ப்புச் சக்தி அழிந்தவர்களுக்கு மட்டுமே வருவதாக அறியப்பட்டது. அதுவரை நலமாக இருந்த முப்பது வயது இளைஞருக்கு அது வருவதில்லை. வழக்கமான எண்ணிக்கை ஏறத்தாழ பூஜ்யமாக இருக்கும் இடத்தில் ஐந்து என்பது மிகப் பெரிய எண். எய்ட்ஸ் என்று இன்று நாம் அறியும் நோயின் முதல் பதிவு அதுவே. அதற்குக் காரணமான வைரஸை பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தார் 1983இல் கண்டார்கள். 1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இரத்த மாதிரிகளைச் சேகரித்து வேலூருக்கு எடுத்துச் சென்று சோதித்து, அந்தத் தொற்று இந்தியாவுக்குள் வந்துவிட்டதை நிறுவினார்கள்.

ஐந்து பேரைப் பற்றிய அந்தக் குறிப்பு, நோய் எதனால் வருகிறது என்றோ எத்தனை பேருக்கு வரும் என்றோ சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. இதுவரை பார்க்காத ஒன்று இங்கே இருக்கிறது, எல்லோரும் கவனியுங்கள் என்றது. நோயாளி அறிக்கை செய்யக்கூடிய தலையாய வேலை இதுதான் என்று நினைக்கிறேன்.

நரம்பியலில் மட்டும் ஏன் இத்தனை தனிமனிதர்கள்?

உயிருள்ள மனிதரின் மூளையில் ஒரு பகுதியை வெட்டிவிட்டு என்ன ஆகிறது என்று யாரும் சோதிக்க முடியாது, சோதிக்கவும் கூடாது. ஆகவே விபத்தும் நோயும் பக்கவாதமும் விட்டுச்சென்ற சேதங்களைப் பார்த்தே நரம்பியல் வளர்ந்தது. 1861இல் பாரிஸில் பால் புரோக்கா, பல ஆண்டுகளாக 'டான்' என்ற ஓர் ஓசையைத் தவிர வேறெதுவும் பேச முடியாதிருந்த நோயாளி இறந்தபின் அவர் மூளையைப் பார்த்தார். இடப்பக்க முன்மடலில் சேதம் இருந்தது. பேச்சுக்கு மூளையில் இடம் உண்டு என்ற எண்ணம் அதிலிருந்து வலுப்பெற்றது.

மிக ஆழமாக ஆராயப்பட்ட நரம்பியல் நோயாளி ஹென்றி மொலைசன். அவர் உயிரோடு இருந்தவரை உலகம் அவரை 'எச்.எம்.' என்றே அறிந்தது. வேறெதற்கும் அடங்காத வலிப்பு. 1953இல் அவருக்கு 27 வயதானபோது வில்லியம் ஸ்கோவில் என்ற அறுவை மருத்துவர், மூளையின் இரண்டு பக்கவாட்டு மடல்களிலும் உட்பகுதியை அகற்றினார். அங்கே இருக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் பெரும்பங்கு அதோடு போயிற்று. வலிப்பு குறைந்தது. ஆனால் அன்றிலிருந்து மொலைசனால் புதிதாக எதையும் நினைவில் நிறுத்த முடியவில்லை. சற்று முன் பேசியவர் வெளியே போய்த் திரும்பி வந்தால் அவர் புது மனிதர். பழைய நினைவுகள் பலவும் அறிவுத்திறனும் பேச்சும் அப்படியே இருந்தன.

பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் அவருக்கு ஒரு பயிற்சி கொடுத்தார். கையை நேராகப் பார்க்காமல் கண்ணாடியில் மட்டும் பார்த்துக்கொண்டு, நட்சத்திரப் படத்தின் இரு கோடுகளுக்கு நடுவே பென்சிலை ஓட்ட வேண்டும். யாருக்கும் முதல்முறை கை திணறும். மொலைசனுக்கும் திணறியது. ஆனால் நாளுக்கு நாள் அவர் கை தேர்ந்துகொண்டே வந்தது. ஒவ்வொரு நாளும் அவரைப் பொறுத்தவரை அதுவே முதல் நாள். இதற்கு முன் செய்ததாக அவருக்கு நினைவே இல்லை. சைக்கிள் ஓட்டுவது போன்ற கைப்பழக்க நினைவும், நேற்று யார் வீட்டுக்கு வந்தார்கள் என்ற நினைவும் மூளையில் தனித்தனி ஏற்பாடுகள் என்பது அந்தப் பென்சில் கோடுகளில் வெளிப்பட்டது. ஒருவர் போதுமானதாக இருந்தது ஏன் என்றால், இரண்டும் ஒன்றுதான் என்ற கருத்தை உடைக்க, இரண்டும் பிரிந்து நிற்பதை ஒரு மனிதரிடம் காட்டினால் போதும். எல்லாக் காகமும் கறுப்பு என்பதை மறுக்க ஒரு வெள்ளைக் காகம் போதுமல்லவா, அதுபோல.

அங்கேயும் ஒரு குறை உண்டு. அறுவையில் ஹிப்போகாம்பஸ் மட்டும் போகவில்லை, பக்கத்துப் பகுதிகளும் போயின. நினைவிழப்புக்கு எது காரணம்? அந்த ஒருவரை வைத்து இதைப் பிரிக்க முடியாது. விலங்குச் சோதனைகளும் பிற நோயாளிகளும் வேண்டியிருந்தார்கள். அகற்றப்பட்ட அளவே ஸ்கோவில் கணித்ததைவிடக் குறைவு என்று 1997இல் வெளியான எம்.ஆர்.ஐ. ஆய்வு காட்டியது. நாற்பது ஆண்டுகளாக உலகம் படித்த அறிக்கையில் அடிப்படையான ஓர் அளவு பிசகியிருந்தது.

சென்னையின் பங்களிப்பு ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும், ஏனெனில் அது நம்மவர்களுக்கே அதிகம் தெரியாது. இயக்க நரம்பணு நோயில் தசைகளை ஆளும் நரம்பணுக்கள் அழிந்து கைகால்கள் மெலிந்து வலுவிழக்கும். பெரும்பாலும் நடுவயதிலும் அதற்குப் பின்னும் வரும். சில ஆண்டுகளில் உயிரைப் பறித்துவிடும். சென்னை மருத்துவர்கள் பார்த்த சிலரோ இந்தச் சித்திரத்துக்குப் பொருந்தவில்லை. வயது குறைவு, பெரும்பாலும் முப்பதுக்குள். கைகால் மெலிவோடு முகத் தசைகளும் விழுங்கும் தசைகளும் வலுவிழந்தன. பலருக்குக் காதும் கேட்காமல் போயிற்று. ஆனால் நோய் மெதுவாகவே நகர்ந்தது, நெடுங்காலம் வாழ்ந்தார்கள். 1970இல் மீனாட்சிசுந்தரம், ஜெகந்நாதன், ராமமூர்த்தி ஆகியோர் இவர்களைப் பற்றி எழுதினார்கள். இன்று நரம்பியல் நூல்களில் அந்நோய்க்குப் பெயரே 'மெட்ராஸ் இயக்க நரம்பணு நோய்'. தொகுப்பு அறிக்கையின் பலம் இதில் தெரிகிறது. மெலிந்த கையோடு காது கேளாமையும் சேர்ந்த ஓர் இளைஞர் வந்தால், இரண்டும் தற்செயலாகச் சேர்ந்தவை என்று விட்டுவிடலாம். அதே சேர்க்கையோடு மீண்டும் மீண்டும் வந்தால் அது தற்செயல் அல்ல. அந்த இளைஞரிடமும் வீட்டாரிடமும் மருத்துவர் என்ன சொல்லப்போகிறார் என்பதே இதனால் மாறுகிறது: நாட்கள் எண்ணப்படும் நோயா, ஆண்டுக்கணக்கில் வாழக்கூடிய நோயா?

கத்தியின் கீழ் ஒருவர்

இரைப்பைப் புற்றுநோய் கீழ் வாயை அடைத்துவிட்டால் சாப்பிட்டது இறங்காது. வாந்தி எடுத்தே உடல் வற்றிப்போகும். அந்தப் பகுதியை வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தைக் குடலோடு தைக்க முடியுமா? 1879இல் பாரிஸில் பெயான் முயன்றார், 1880இல் போலந்து மருத்துவர் ரிடிகியர் முயன்றார். இருவரின் நோயாளிகளும் சில நாட்களுக்குள் இறந்தனர். 1881 ஜனவரி 29 அன்று வியன்னாவில் தியோடர் பில்ரோத் 43 வயதுப் பெண் ஒருவருக்கு அதைச் செய்தார். அவர் பிழைத்து, மீண்டும் உணவு உண்டார். சில நாட்களிலேயே பில்ரோத் அதை மருத்துவ வார இதழுக்குக் கடிதமாக எழுதினார். ஏறத்தாழ நான்கு மாதங்களில் புற்று மீண்டும் பரவி அந்தப் பெண் இறந்தார்.

இது வெற்றியா தோல்வியா? என்ன கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது. இரைப்பையின் ஒரு பகுதி இல்லாமல் மனிதர் உயிர்வாழ முடியுமா என்று கேட்டால், முடியும் என்பதற்கு அந்த ஒரு பெண் முழுச் சான்று. இந்த அறுவை புற்றுநோயைக் குணப்படுத்துமா என்று கேட்டால், அவர் ஒருவரை வைத்து எதுவும் சொல்ல முடியாது. அறுவை செய்த எத்தனை பேரில் எத்தனை பேர் எத்தனை ஆண்டு இருந்தார்கள் என்ற கணக்கு வேண்டும். பில்ரோத்தை நான் மதிப்பது இந்த இடத்தில். சூரிச்சில் இருந்த காலத்திலேயே தம் அறுவைகளின் நல்ல முடிவுகளோடு கெட்ட முடிவுகளையும் மரணங்களையும் சேர்த்து வெளியிட்டவர் அவர். பிழைத்தவரைப் பற்றி மட்டும் எழுதி, இறந்த ஒன்பது பேரை அலமாரியில் பூட்டி வைத்தால், படிக்கும் இளம் மருத்துவர் நம்பிக்கையோடு கத்தியை எடுப்பார். நோயாளி அறிக்கைகளில் பெரிய ஆபத்து, எழுதப்பட்டதில் இருப்பதைவிட எழுதப்படாததில் இருக்கிறது.

இரைப்பையில் கிருமியைத் தேடிய பாரி மார்ஷலின் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். 1984இல் ஆஸ்திரேலியாவில், தம் இரைப்பை நலமாக இருப்பதை எண்டோஸ்கோப்பியில் பார்த்து உறுதிசெய்துகொண்டு, ஹெலிகோபாக்டர் கிருமியைத் தாமே குடித்தார். சில நாட்களில் வாந்தி வந்தது. மீண்டும் குழாயை விட்டுப் பார்த்தபோது இரைப்பையில் அழற்சியும் கிருமியும் இருந்தன. குடிப்பதற்கு முன்னும் பின்னும் பார்த்ததால்தான் அதற்கு மதிப்பு. ஆனால் அவருக்கு வந்தது அழற்சி, புண் அல்ல. அல்சர் அந்தக் கிருமியால் வருகிறது, கிருமியை ஒழித்தால் திரும்ப வராமல் தடுக்கலாம் என்பவை பல நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வுகளுக்குப் பிறகே நிலைபெற்றன. 2005இல் அவருக்கும் ராபின் வாரனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

ஒருவரிடம் பார்த்தது பலருக்கும் பொருந்துமா என்று அறிய ஒப்பீட்டுக் குழு வேண்டும். யாருக்கு உண்மை மருந்து, யாருக்கு வெற்று மாத்திரை என்பதைக் குலுக்கல் முறையில் பிரித்து, இரு குழுக்களையும் ஒரே மாதிரி கவனிப்பது இதில் சிறந்த வழி. கீழாநெல்லிக்கே இது நடந்திருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜனும் உடன் உழைத்தவர்களும் பி வகைக் கல்லீரல் அழற்சியின் கிருமியை உடலில் சுமந்தவர்களிடம் செய்த ஆய்வு 1988இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. கீழாநெல்லி உண்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் கிருமியின் அடையாளப் பொருள் மறைந்தது. வெற்று மருந்து உண்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே மறைந்தது. உலகம் திரும்பிப் பார்த்தது. பிறகு வேறு நாடுகளில் செய்த சோதனைகளில் அந்த அளவு பலன் கிடைக்கவில்லை. பாட்டி வைத்தியத்தை மதிப்பதென்றால் இதுதான் என்பேன்: அதை எடுத்துக்கொண்டு போய்ச் சோதனையில் நிறுத்துவது, வந்த விடையை, பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், ஏற்றுக்கொள்வது.

இன்று நல்ல இதழ்கள் நோயாளி அறிக்கைக்குக் கட்டுப்பாடுகள் வைத்திருக்கின்றன. 2013இல் வெளியான 'கேர்' வழிகாட்டி 13 தலைப்புகளைக் கேட்கிறது: நாள்வாரி நிகழ்வுகள், கண்டறிந்த விதம், சிகிச்சையின் அளவும் மாற்றமும், பிறகு எவ்வளவு காலம் கவனித்தார்கள் என்பன அவற்றில் சில. மருந்தினால் பக்கவிளைவு வந்தது என்று எழுதினால், மருந்தை நிறுத்தியதும் அது போயிற்றா, தெரிந்தோ தெரியாமலோ மறுபடி கொடுத்தபோது மறுபடி வந்ததா என்று படிப்பவர்கள் தேடுவார்கள். நோயாளி தம் அனுபவத்தைத் தம் சொற்களில் சொல்லவும் அந்த வழிகாட்டி இடம் வைத்திருக்கிறது. கடைசித் தலைப்பு, நோயாளியின் ஒப்புதல். பெயரை மறைத்தால் போதாது. சிற்றூரில் அரிய நோய் வந்தவரை, வயதையும் தொழிலையும் சொன்னாலே ஊர் கண்டுகொள்ளும். நோயாளியிடம் கேட்டுத்தான் எழுத வேண்டும்.

செயின்ட் மார்ட்டினுக்கு இப்படிப்பட்ட படிவம் எதுவும் இல்லை. எழுதப்படிக்கத் தெரியாத ஏழைத் தொழிலாளி அவர். 1832இல் போமான்ட் அவரோடு ஓர் ஒப்பந்தம் போட்டார்: ஓராண்டுக்கு 150 டாலர், உணவு, உறைவிடம், பதிலுக்கு அவர் வயிறு சோதனைக்கு. சோதனைகளுக்கு இடையிலேயே செயின்ட் மார்ட்டின் ஊருக்குப் போய்விட்டார், திரும்ப வந்தார், மறுபடி போனார். வயிற்றில் ஓட்டையோடு திருமணம் செய்து, பிள்ளைகள் பெற்று, போமான்ட் இறந்த பிறகும் பல ஆண்டுகள் வாழ்ந்து 1880இல் கனடாவில் இறந்தார். அவருடைய இரைப்பையை அருங்காட்சியகத்தில் வைக்க மருத்துவர்கள் விரும்பினார்கள். குடும்பத்தார் உடலை வேண்டுமென்றே சில நாட்கள் அழுகவிட்டு, யாரும் தோண்டி எடுக்க முடியாதபடி வழக்கத்தைவிட ஆழமான குழியில் புதைத்தார்கள்.